ரோபோவுக்கு வைத்த பொட்டு

தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறுதோறும் கதை எழுதச் சொல்லித் தருகிறேன். பத்தாவது தாண்டாதவன் நான். ஊர் ஊராகக் கிடைத்த வேலையைச் செய்து திரிந்து, ஆறு அறிவியல் புனைகதைப் புத்தகங்கள் எழுதிய பிறகு என்னை சார் என்கிறார்கள்.

மறைமலை நகர் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் வகுப்புக்கு வந்தாள். ஆயுத பூஜையன்று வெல்டிங் ரோபோவின் கைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதோடு பேசும் ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தாள்.

"சயின்ஸ் கதையில பொட்டு எதுக்கும்மா? சிரிப்பாங்க" என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பத்தியை அடித்தேன்.

"எங்க லைன்ல நெஜமாவே வெப்போம் சார். இந்த வாட்டி நான்தான் வெச்சேன்."

"அப்ப அதுக்கு ஒரு பொங்கலும் வெச்சிடு" என்றேன். வகுப்பே சிரித்தது.

என் ஆறு புத்தகங்களிலும் ரோபோ வருகிறது. ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என் படிப்பு தெரிந்துவிடுமோ என்று பயம்.

அடுத்த ஞாயிறு திருத்திக் கொண்டுவந்தாள். கதை ஜப்பானுக்குப் போயிருந்தது. பொட்டும் இல்லை, பொட்டு வைத்தவளும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன். இப்ப ஓகேவா சார்?"

அச்சு அசலாக என் கதை போலவே இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். மலர்ந்த அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.