மரக்கடைக்காரரின் வசவு

நான் வேலை பார்த்த கப்பல் எங்கும் போகாது. கோவாவில் ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டு நிற்கும். சாயங்காலமானால் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார்கள். உள்ளே சீட்டாட்டம். நாகர்கோவிலில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுப் பயிற்சிக்குப் போன நான், சம்பளம் அதிகம் என்று அங்கே சேர்ந்து, போக்கர் மேசையில் சீட்டுப் போடுகிறவளானேன். இரணியல் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில், மகள் கப்பலில் வேலை பார்க்கிறாள் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். கப்பல் என்றதும் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

போக்கர் மேசையில் சீட்டுப் போடுகிறவளுக்கு விளையாட்டில் பங்கு கிடையாது. கலைத்துப் போடுவது, ஜெயித்தவர் பக்கம் பந்தயச் சில்லுகளைத் தள்ளுவது, அவ்வளவுதான். ஆனால் ஜெயித்தால் அது அவர்களுடைய மூளை. தோற்றால் அது என்னுடைய கை. சீட்டை என் முகத்தை நோக்கி விசிறியவர்கள் உண்டு. என் தகப்பனாரைப் பற்றியும் தாயாரைப் பற்றியும் எனக்கே தெரியாத செய்திகளைச் சொன்னவர்கள் உண்டு. தமிழைத் தவிர இந்தியாவில் வேறெந்த மாநிலத்து மொழியிலும் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் திட்டினால் புரிந்துகொள்வேன். அந்த அளவுக்கு ஒரு கல்வி அங்கே கிடைத்தது.

இப்படிப்பட்டவர்களை எப்படிக் கையாள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பதில் பேசக் கூடாது. முகத்தைப் பார்த்து முறைக்கவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, சீட்டுப் போடுவதை நிறுத்த வேண்டும். ஆட்டம் நின்றதும் திட்டு வாங்காத மற்றவர்களுக்குப் பொறுமை போய்விடும். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுத் தொலை" என்று அவர்களே அவனைப் பிடித்துக்கொள்வார்கள். என்மேல் உள்ள கரிசனத்தால் அல்ல. அடுத்த சீட்டு வர வேண்டுமே, அதனால்.

கல்யாணமானதும் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். நான் தக்கலையில் ஒரு தனியார் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன். அங்கேயும் வசவு உண்டு, ஆனால் காய்ச்சலோடு வருகிறவன் திட்டினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

எங்கள் ஊர் வாசகசாலையில் ஓணத்துக்கு வருடாவருடம் இருபத்தெட்டுப் போட்டி நடக்கும். நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு கூட்டு. எந்த வகைச் சீட்டை இறக்கு என்று கூட்டாளிக்கு வாய் திறந்து சொல்லக் கூடாது, ஜாடையும் காட்டக் கூடாது. ஆட்டமே அதில்தான் இருக்கிறது. தோற்ற கூட்டுக்குப் பலா இலையைச் சுருட்டிக் காதில் குணுக்கு என்று தோடு போல மாட்டிவிடுவார்கள். ஜெயித்தவர்களுக்கு ஒரு நேந்திரன் வாழைக்குலையும் கோப்பையும்.

அந்தக் கோப்பை பல வருடங்களாக ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மரக்கடைக்காரரும் அவர் மைத்துனரும் ஒரு கூட்டு. மைத்துனர் என்றால் மரக்கடைக்காரர் மனைவியின் தம்பி. மரக்கடையிலேயே அறுப்பு மேற்பார்வை. கடையில் வாங்குகிற வசவு போதாதென்று வாசகசாலையிலும் வந்து வாங்குவார். மரக்கடைக்காரருக்கு அப்படி ஒரு வாய். ஆட்டம் தொடங்கினால் ஏலே கழுதை என்பார், சவமே என்பார், எருமை, மண்டன் என்று வரிசையாக வரும். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டு ஆடுவார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எதிரே ஆடுகிறவர்களும் சிரிப்பார்கள், தங்கள் பங்குக்கு வசவு வரும் வரையில்.

"அவருக்க வாய்தான் அப்பிடி, மனசு தங்கம்" என்பார்கள் ஊரில். மனசைக் கண்டவர் யாரும் என்னிடம் பேசியதில்லை. வாயை மட்டும் நான் ரோட்டிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின ஓணத்துக்கு வாசகசாலைச் செயலாளர் வீட்டுக்கு வந்தான். எலெக்ட்ரீஷியன், நல்ல பையன், யாரிடமும் கண்டித்துப் பேசத் தெரியாதவன். அதற்கு முந்தின வருடம் மரக்கடைக்காரர் நடுவரையும் சேர்த்துத் திட்டிவிட்டதால், நடுவராக இருக்க ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"அக்கா, நீங்க இந்த வேலையிலேயே இருந்தவங்கல்லியா? ஒரு நாளுக்கு வந்து நில்லுங்க."

உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டாள். "ஏட்டி, ஆம்பிளைய சீட்டு களிக்கிய எடத்துல உனக்கு என்ன சோலி?"

"கப்பல்ல மட்டும் பொம்பிளையளா களிச்சிட்டு இருந்தாவ?" என்றேன்.

அம்மா செயலாளரைப் பார்த்தாள். கப்பலில் எனக்கு என்ன வேலை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய்விட்டாள்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். மேசையில் யாரும் யாரையும் திட்டக் கூடாது, கூட்டாளியையும்தான். முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவது தடவை அந்தக் கை, அதாவது அந்தச் சுற்று ஆட்டம், எதிர்க் கூட்டுக்குப் போய்விடும். செயலாளர் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சிக்குமா?" என்றான். "அண்ணாச்சிக்காகத்தான்" என்றேன்.

ஓணத்தன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து கூட்டம் சேர்ந்தது. முற்றத்தில் அத்தப்பூக் கோலம், பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், உறியடிக்குக் கட்டின மைக் செட். செயலாளருக்கு மைக் கிடைத்தால் விடமாட்டான். சீட்டாட்டத்துக்கும் நேர்முக வர்ணனை சொல்லப் போகிறேன் என்று மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

மரக்கடைக்காரர் வெள்ளை வேட்டியும் சில்க் சட்டையுமாக வந்து உட்கார்ந்தார். நான் விதியைச் சொன்னேன். என்னைப் பார்க்காமல் செயலாளரைப் பார்த்தார்.

"இவ யாருலே?"

"நடுவர், அண்ணாச்சி."

"சீட்டுக்கு நடுவரா, ஞாயிற்றுக்கிழம பள்ளிக்கூடமா? நல்லா பேசணும், கைய கட்டி இருக்கணும்…" கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே சீட்டை எடுத்தார்.

முதல் கையிலேயே ஆரம்பித்தார். மைத்துனர் சீட்டை இறக்கத் தயங்கியபோது, "ஏலே கழுத, முழிச்சிட்டு இருக்கியா? போடுலே" என்று ஒரு அதட்டல். மைத்துனர் உடனே இஸ்பேடு இறக்கினார். இறங்கிய நான்கு சீட்டும் சேர்ந்த பிடி அவர்களுக்கு வந்தது. நான் எச்சரிக்கை சொன்னேன்.

"அவன் எனக்க மச்சினன். எனக்க மச்சினன நான் வையதுக்கு உனக்க அனுவாதம் வேணுமா?"

"மேசைக்கு வெளியே வேண்டாம், அண்ணாச்சி. இங்க வேணும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு குளத்தில் முங்கிக் கிடப்பதைப் போல முகம் சிவந்துகொண்டே வந்தது. ஆனால் எனக்கு அதைவிட வேடிக்கையாகப் பட்டது மைத்துனர்தான். திட்டு விழவில்லை என்றால் நிம்மதியாக ஆட வேண்டியவர், ஒவ்வொரு சீட்டுக்கும் நிமிர்ந்து அத்தானின் வாயையே பார்த்தார். பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி. அத்தான் கண்ணை உருட்டினார். மைத்துனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதையோ இறக்கினார். அடுத்தடுத்து இரண்டு கை போயிற்று. எதிரே ஆடிய இரண்டு பேர், நெய்யூர்ப் பக்கம் கோழிக்கடை வைத்திருப்பவர்கள், இதுவரை ஒரு தடவைகூட இவர்களை ஜெயித்ததில்லை. தாங்கள் ஜெயிப்பதை அவர்களே நம்பாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சேம்பியன்கள் தடுமாறுகிறார்கள்" என்று மைக்கில் சொல்லிவிட்டுச் செயலாளர் பயந்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அதுவும் போனால் தோல்விதான் என்றிருந்த அடுத்த கையில் மைத்துனர் நல்ல கிளாவர் ஒன்றை அநியாயமாக இறக்கினார். எதிராளி துருப்பால் வெட்டி எடுத்துக்கொண்டான். மரக்கடைக்காரருக்கு அதற்குமேல் முங்கிக் கிடக்க முடியவில்லை.

"வெளங்காத மூதி! மண்டையில களிமண்ணாலே இருக்கு? எதுக்குலே இப்பம் அத எறக்குன?"

"இந்தக் கை எதிர்க் கூட்டுக்கு" என்றேன்.

அவர் சீட்டுகளை மேசைமேல் அடித்தார். என்னை விட்டுவிட்டு மைத்துனர்மேல் பாய்ந்தார். "உன்னாலதான்லே! இத்தன வருசம் களிச்சும் உனக்கு எதப் போடணும்னு தெரியாதா?"

மைத்துனர் அழாத குறை. கையை விரித்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நீரு ஒண்ணும் பேசாம இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும், அத்தான்? கழுதன்னு வஞ்சாதானே இஸ்பேடு? எருமன்னா கிளாவர், மண்டன்னா ஆட்டீன். நீரு உருட்டுத கண்ணுக்கு நான் எந்தச் சீட்டப் போட?"

எங்களுக்கு மட்டுமல்ல, மைக் பக்கத்தில் இருந்ததால் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

ஊஞ்சலின் கயிறு உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு கோழிக்கடைக்காரர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அப்பம் டைமன்?"

"சவம்" என்றார் மைத்துனர், பழக்க தோஷத்தில்.

அந்தச் சிரிப்பை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் கேட்டதில்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது. அத்தனை வருடக் கோப்பைகளும் அத்தனை நேந்திரன் குலைகளும் எப்படிப் போயின என்று ஒவ்வொருவருக்கும் விளங்க விளங்க, சிரிப்பு அடங்கி அடங்கிக் கிளம்பியது. இவருடைய வாய்க்குப் பயந்தவர்கள் பயந்தார்கள், ரசித்தவர்கள் ரசித்தார்கள். அந்த வாயைக் கவனித்தவர் ஒருவரும் இல்லை. கப்பலில் அத்தனை வருடம் இருந்த நானும் கவனிக்கவில்லை. வசவு என்றால் காதை மூடிக்கொள்ளத்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

மரக்கடைக்காரர் எழுந்தார். இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "சூதாட்டக் கப்பல்ல எவன் எவனுக்கோ சீட்டுப் போட்டுட்டுக் கெடந்தவதானேட்டி நீ? நீயா எனக்கு மரியாத படிப்பிக்க வந்த?"

சிரிப்பு நின்றுவிட்டது. சொல்வதற்கு நிறைய இருந்தது, பல மொழிகளில். நான் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் நின்றேன். கப்பலில் என்றால் மற்ற ஆட்டக்காரர்கள் தங்களுக்காகப் பேசியிருப்பார்கள். இங்கே யார் பேசுவார்கள் என்று எனக்கு நிச்சயமில்லை. பாதிப் பேர் வீட்டுக் கதவும் ஜன்னலும் அவர் கொடுத்த மரம், கடன் பாக்கியோடு.

பேசியது செயலாளர். மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்தே பேசினான். "அண்ணாச்சி, அக்காகிட்ட அப்பிடிப் பேசப்பிடாது. களிப்பு முடிஞ்சு. நீங்க… நீங்க தோத்துப் போயாச்சு."

அவன் குரல் பெட்டி ஸ்பீக்கரில் நடுக்கத்தோடேயே கேட்டது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

மரக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். "வாலே" என்று திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார். மைத்துனர் போகவில்லை. தட்டில் வைத்திருந்த பலா இலைக் குணுக்கை எடுத்து, யாரும் சொல்லாமல், தானே தன் காதில் மாட்டிக்கொண்டார். அத்தானுக்கு உள்ளதையும் மற்றக் காதில் மாட்டிக்கொண்டார். பிறகு பாயாசம் எங்கே என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஊரில் யாரும் யாரையும் கழுதை என்று திட்ட முடியவில்லை. உடனே ஒருவன் "இஸ்பேடு" என்பான். மரக்கடைக்காரர் வாசகசாலைக்கு வருவதை நிறுத்தினார். சீட்டாட்டம் குடியைக் கெடுக்கும் என்று கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதாகக் கேள்வி. ஒரு நாள் சர்க்கரை பார்க்க எங்கள் கிளினிக்குக்கு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "மோளே, ஒரு டோக்கன்" என்றார். அவ்வளவு மரியாதையான குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து, கூப்பிடுகிற வரைக்கும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைத்துனர் மரக்கடையை விட்டுவிட்டுத் திற்பரப்பில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு ஜூஸ் கடை போட்டார். ஊரெல்லாம் அவரைப் பற்றி இரக்கமாகப் பேசியது. பாவம், எவ்வளவு பொறுத்திருக்கிறார், பச்சைத் தண்ணி மாதிரி மனுஷன் என்றது.

அடுத்த ஓணத்துக்கும் என்னைத்தான் நடுவராகக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அம்மா ஒன்றும் சொல்லவில்லை; பார்க்கவே வந்திருந்தாள், முன்வரிசையில் நாற்காலி போட்டு. மைத்துனர் புதுக் கூட்டாளியோடு வந்திருந்தார். அவருடைய ஜூஸ் கடைக்கு ஐஸ் கொண்டு வருகிற, அவரைவிட இளையவன் ஒருவன். மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்து, அழகாகத்தான் ஆடினார். மூன்றாவது கையில் அந்த இளையவன் தவறாக ஒரு சீட்டை இறக்கினான்.

"லே எரும!" என்று ஒரு குரல் எழுந்தது. மரக்கடைக்காரர் வந்துவிட்டாரோ என்று நான் வாசலைப் பார்த்தேன். குரல் மேசையிலிருந்துதான், மைத்துனரிடமிருந்துதான் வந்திருக்கிறது. "கண்ணு தெரியாதா உனக்கு? தின்னுத சோறு எங்கலே போவுது? மூதி, நாற மூதி!"

பச்சைத் தண்ணி மாதிரி மனுஷனின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. இத்தனை வருடமும் வாங்கியது ஒன்றுகூட வீண் போகவில்லை, எல்லாம் உள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த இளையவன் தலையைக் குனிந்துகொண்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் எச்சரிக்கை சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். கொஞ்சமும் வெட்கமில்லாமல், நியாயம் கேட்கிற குரலில் சொன்னார்:

"மோளே, நீயே அவன் போட்ட சீட்டப் பாரு. பாத்துட்டுச் சொல்லு, வையாம என்ன செய்ய?"

நான் பார்த்தேன். உண்மையிலேயே மோசமான சீட்டுதான்.

"அடுத்த தடவ வஞ்சா கை போவும், அண்ணே" என்றேன். "களியும்."