பூட்டக்கா பிடுங்கிய பிளக்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பூட்டக்காதான். ஸ்கேன் படங்களைக் காக்கும் கணினிகள் அவள் பொறுப்பு. மூன்று சர்வர்கள், மூன்றுக்கும் பொதுவாக ஒரே சேமிப்புப் பெட்டி. ஒரு சர்வர் ஒரு படத்தில் கை வைத்தால், மற்றவை தொடாதபடி அதற்குப் பூட்டு விழும். யாராவது படம் திறக்கவில்லை என்று கேட்டால், "பூட்டு விழுந்திருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பயந்த சுபாவம். அடுப்பு கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். "என்னைவிட அந்தப் பெட்டிங்களுக்குத்தான் நீ அதிகமா பயப்படுற" என்பார் பஸ் ஓட்டும் கணவர். அவள் மறுத்ததில்லை.

அந்த வாரம் ஒரு சர்வர் பழுதாகி, அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மீதி இரண்டும் தொடர்பில் இருந்தால்தான் வேலை நடக்கும். தனித்துப்போனது தானாக ஒதுங்கிவிடும்; ஒதுங்காவிட்டால் மற்றது அதன் கரண்ட்டைத் துண்டித்துவிடும். அதுதான் விதி. மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னொண்ணும் படுத்துட்டா எல்லாமே நின்னுடுமாம்மா?"

"ஆமா சார். படத்தைத் தப்பா எழுதறதைவிட நிக்கிறது மேல்."

"நிக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஓடுற மாதிரி மாத்துங்க. ஒண்ணோட கரண்ட்டை இன்னொண்ணு கட் பண்ணுற வேலையும் வேணாம்."

உத்தரவை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மாற்றினாள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெள்ளையடிக்க வந்தவர்கள் ஏணியை நகர்த்தியதில் இரு சர்வர்களையும் இணைத்த கேபிள் அறுந்தது. அவள் திரையைப் பார்த்தாள். மற்றது செத்துவிட்டது என்றது முதல் சர்வர். இரண்டாவதும் அதையேதான் சொன்னது. இரண்டும் எல்லாப் பூட்டுகளையும் தமதாக்கிக்கொண்டு, ஒரே பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நொடியும் யாரோ ஒருவருடைய படம் நாசமாகிறது. ஒன்றை உடனே அணைத்தாக வேண்டும்.

முதலாவதை நம்பி அவசரப் பிரிவும் ஸ்கேன் அறைகளும் இருந்தன. இரண்டாவதை நம்பி ஆபரேஷன் தியேட்டர் மட்டும்; அணைப்பதென்றால் அதைத்தான். தியேட்டருக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டர், திரையில படம் இருக்கா?"

"இருக்கு. அதைப் பார்த்துத்தான் டாக்டர் மூளையில கட்டி எடுக்கறாரு."

"படம் கொஞ்ச நேரம் போயிடும். அப்புறம் அடுத்த சர்வர்லேருந்து தானா வரும்."

"வருமா?"

"வரணும்." அதை அவள் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. "கையை எடுத்துட்டேன். சீக்கிரம் பண்ணச் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள். சர்வர்களின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. முப்பது எண்ணினாள். அறுபது எண்ணினாள்.

"சிஸ்டர்?"

"இன்னும் கறுப்பாத்தான் இருக்கு."

எண்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தப்பிவிட்டது. போனோடு தரையில் உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சுக்கா" என்றது போன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பத்தொன்பது பேரின் படங்கள் சிதைந்திருந்தன. காலை ஆறு மணி நிலையை அப்படியே எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து பதினான்கை மீட்டாள். மற்ற ஐந்தும் அதற்குப் பிறகு எடுத்தவை. மீட்க வழியில்லை.

பழைய விதியைத் திரும்பப் போட்டுவிட்டு மேலாளரிடம் சொன்னாள். "மறுபடி மாத்தணும்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

அந்த ஐந்து பேரிடமும் விஷயத்தைச் சொல்ல அவளே போனாள். நால்வர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஸ்கேன் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"மறுபடியும் அந்தக் குழாய்க்குள்ளயா? எனக்கு மூச்சு முட்டும்மா. பயமா இருக்கு."

பயப்படாதீங்க என்று சொல்ல அவளால் முடியவில்லை. "எனக்கும் காலையிலேருந்து பயமாத்தான் இருக்கு ஐயா. நான் கூடவே நிக்கறேன்."

ஸ்கேன் அறைக்குள் உலோகம் ஆகாது என்பதால் தோட்டையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, குழாய்க்கு வெளியே நீட்டியிருந்த அவர் பாதத்தைப் பிடித்தபடி, அந்தத் தடதட சத்தம் ஓயும்வரை நின்றாள்.