குளவி கட்டிய சைலன்சர்

எங்கள் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. சிவப்பாக இருந்து, வெயிலில் வெளுத்து, இப்போது காய்ந்த மாதுளைத் தோலின் நிறத்தில் நிற்கிறது. கல்லூரியில் இயந்திரவியல் படித்த நான்கு வருடமும் விடுதிக் கட்டிலில் படுத்தபடி அதைத்தான் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன், மனதுக்குள். படிப்பு முடிந்து ராஜபாளையம் வந்ததும் கையாலேயே பிரித்தேன். கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டேன். பெட்ரோல் உள்ளே போகிற சின்னப் பித்தளைத் துவாரம் அது. பெரிதானால் எஞ்சினுக்குப் பசி கூடும். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு மதுரையிலிருந்து வரவழைத்த அகலக் குழாயை மாட்டினேன்.

அதற்குப் பிறகு கார் எழுப்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. மலையடிவாரத் தோப்புச் சாலையில், விடியற்காலை ஈரக் காற்றில், மூன்றாவது கியரில் போகும்போது, அரைத்தூக்கத்தில் இருக்கிற நமக்குப் பக்கத்து அறையில் யாரோ பேசுவது கேட்குமே, அப்படி இருக்கும். சொல் எதுவும் பிடிபடாது. ஆனால் நிறுத்திவிடக் கூடாதே என்று இருக்கும்.

அப்பாவுக்கு அப்படிக் கேட்கவில்லை. "ஏட்டி, நீ தெருமுனை திரும்பும்போதே ஊர்நாய் பூராம் எந்திரிச்சு நிக்குது" என்பார்.

இவ்வளவு பழைய கார் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், புகைச் சோதனை முடித்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். எங்கள் ஐந்து வருடம் பங்குனியோடு முடிய இருந்தது. மாசி பிறந்ததுமே அப்பா சொல்லிவிட்டார்: "எஃப்.சி. ஆச்சுன்னா நீயே வச்சுக்கோ. ஆகலைன்னா பழைய இரும்புக் கடைக்காரன் வந்து ஏத்திட்டுப் போயிருவான். அவன்கிட்ட சொல்லியாச்சு."

அப்பா கோபத்தில் சொன்னால் மாறிவிடுவார். இதைச் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதனால் பயந்துபோனேன்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புகைச் சோதனைக்குப் போனேன். பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு பெட்டிக்கடை அளவு அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், நீளக் கம்பி, என்னைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்த ஒருவர். கம்பியைக் குழாய்க்குள் விட்டார், திரையைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார்.

"அக்கா, இது காரா, ஊதுபத்தியா?"

"ஏன்?"

"பாதிப் பெட்ரோலைத்தான் எரிக்குது. மீதியை அப்படியே நமக்குத் தருது. ஜெட் மாத்தியிருக்கீங்களா?"

"கொஞ்சம்."

"எம்புட்டுக் கொஞ்சம்?"

நான் மலையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கம்பியை உருவினார். "பழைய ஜெட்டைப் போட்டுட்டு வாங்க, புகை சரியாயிரும். ஆனா இந்தக் குழாயோட இன்ஸ்பெக்டர் முன்னாடி போயிராதீங்க. அவர் கண்ணை மூடிட்டே கண்டுபிடிச்சிருவார். கம்பெனி சைலன்சர் இல்லாம கையெழுத்து விழாது."

பழைய ஜெட் பத்திரமாக இருந்தது. பஞ்சில் சுற்றி ஒரு பால்கோவா டப்பாவுக்குள் வைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒர்க் ஷாப்பில் என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார், பெண்ணே என்பது போல. கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சைலன்சர் எங்க அம்மாயி? இந்த மாடலுக்கு இப்ப புதுசு வாறதில்லை."

மதுரையில் மூன்று கடைகளுக்குப் போன் போட்டார். ஒரு கடையில் இருந்தது, ஆனால் அடி முழுக்கத் துரு. "உன்னோடது எங்க?" என்று திரும்பவும் கேட்டார்.

என்னுடையது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் தயக்கமாக இருந்தது.

எங்கள் வீடு மாந்தோப்பின் ஓரத்தில் இருக்கிறது. தோப்புக்குள் ஒரு மோட்டார் ரூம். ராணுவத்தில் இருக்கிற என் அண்ணன் தீபாவளி லீவில் வந்தபோது, சும்மா கிடந்த அந்த சைலன்சரை மோட்டார் ரூம் வாசல் உத்திரத்தில் இரண்டு கம்பி போட்டுப் படுக்கைவாட்டில் கட்டித் தொங்கவிட்டான். சாயங்காலம் ஒரு போல்ட்டால் நாலு தட்டு தட்டினால் காட்டுப்பன்றி தோப்புக்குள் வராது என்பது அவன் கணக்கு. லீவு முடிந்து அவன் போனான். தட்ட ஆளில்லை. புகை வெளியேறுகிற அந்தக் கடைசி முனையில் ஒரு குளவி மண் கொண்டுவந்து அடைத்தது.

இனி மதினியைச் சொல்ல வேண்டும். அண்ணன் மனைவி, வ. புதுப்பட்டிக்காரி. கல்யாணமாகி நான்கு வருடம், விசேஷ வீடுகளில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்தார்கள். இப்போது ஐந்தாம் மாதம். எங்கள் பக்கம் வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை வரும் என்பார்கள். கட்டிய கூட்டைக் கலைக்கவும் விடமாட்டார்கள்.

"எனக்கு நாள் தள்ளிப்போன வாரந்தான் அது மண்ணைத் தூக்கிட்டு வந்துச்சு" என்றாள் மதினி. "உங்க அண்ணன்கிட்டகூட அப்ப நான் சொல்லலை. அவியளுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா?"

"மதினி, மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. உள்ள ஒண்ணும் இருக்காது. அப்பவே பறந்து போயிருக்கும்."

"உள்ள போய்ப் பாத்துட்டு வந்தியோ?"

"இது இல்லைன்னா கார் போயிரும்."

அவள் கீரையை ஆய்ந்தாள். பிறகு நிமிராமலே, "நான் என்ன ஏட்டி செய்ய?" என்றாள். அதில் சண்டை இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், மதினி தூங்கியதும் ஸ்க்ரூ டிரைவரோடு மோட்டார் ரூமுக்குப் போனேன். தோப்பு முழுக்கப் பூ உதிர்ந்து, மிளகு மிளகாகப் பிஞ்சு பிடித்திருந்த நேரம். காற்று அசையவில்லை. மாம்பூவின் கிறங்கடிக்கிற வாசனை மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. கூடு என் கட்டைவிரல் அகலத்தில், குழாயின் வாயில் வரிவரியாகக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு நடை. ஓடைக்குப் போய் ஈரமண் எடுத்து உருட்டி வந்து வைத்த ஒரு நடை. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

ஸ்க்ரூ டிரைவர் நுனியை மண்மேல் வைத்தேன். ஒரு அழுத்து போதும். அதற்குள் ஏனோ, சைலன்சரின் இன்னொரு முனையில் காதை வைத்துப் பார்க்கத் தோன்றியது. எஞ்சினோடு சேர்கிற முனை அது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பழைய கரி வாசனை. மெல்ல, வெகு தூரத்தில், ஒரு சத்தம். குளவி இல்லை, என் ரத்தம் ஓடுகிற சத்தமாக இருக்கலாம், தடுப்புத் தகடுகளுக்கு நடுவே சுற்றுகிற காற்றாக இருக்கலாம். படித்தவளான எனக்கு இரண்டு காரணமும் தெரியும். தெரிந்தும், சின்ன வயதில் இந்தக் காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் போன சத்தம் அது என்று ஒரு நிமிடம் நிச்சயமாக நம்பினேன். அப்போது இந்த சைலன்சர்தானே இருந்தது. நான் போட்ட குழாயில் கேட்ட சத்தத்தைத் தேடி இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், அதன் மெதுவான பதிப்பு இங்கே பன்றி விரட்டத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

காதை எடுத்தபோது மதினி நின்றுகொண்டிருந்தாள். என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள்.

"உடைக்கலை மதினி" என்றேன்.

"தெரியுது."

அந்த இடத்தில் நின்றபடிதான் எனக்கு அது தோன்றியது. இரண்டு கம்பிகளில் ஒன்று கடைசி முனைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. கூடு இருக்கிற முனை அந்தக் கம்பியோடு சேர்த்து நாலு விரற்கடைதான். "மதினி, எனக்கு வேண்டியது சைலன்சர். உங்களுக்கு வேண்டியது இந்த நாலு விரற்கடை. நடுவுல அறுத்துட்டா?"

அவள் கிட்டே வந்து பார்த்தாள். "கூடு அதிராதா?"

"மெஷின் வேண்டாம். ஆக்சா பிளேடை வச்சுக் கையாலயே அறுக்கேன். நீங்க பிடிச்சுக்கோங்க."

சேலை முந்தானையை நாலாக மடித்து, குழாயின் முனையை அதற்குள் பொதிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அறுத்தேன். அவ்வளவு மெதுவாக வாழ்க்கையில் நான் எதையும் செய்ததில்லை. தோசைகூடத் திருப்பும்முன் எடுத்துவிடுகிற ஆள் நான். இரும்புத்தூள் அவள் பாதத்தில் விழுந்தது.

"மெல்ல, ஏட்டி."

"மெல்லத்தான்."

"செத்த நேரம் நிப்பாட்டு." நிறுத்தினேன். அவள் கண்ணை மூடி நின்றாள். முகம் மாறியிருந்தது. பயந்து, "என்ன மதினி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. உள்ள அசையுது."

"குளவியா?"

"அட கூறுகெட்டவளே" என்று சிரித்தாள். சிரித்ததில் குழாய் ஆடியது. இரண்டு பேரும் பதறி ஒருசேரப் பிடித்தோம். கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைலன்சர் என் கைக்கு வந்தபோது, கடைசி நாலு விரற்கடை அதன் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அண்ணன் அதே அளவில் ஒரு துண்டுக் குழாயை ஒட்டவைத்து, பிசிறு இல்லாமல் ராவினார். "போற வழியில எங்கயும் ஆஃப் பண்ணாத அம்மாயி. சூடா இருந்தாத்தான் சுத்தமா எரியும்" என்றார். மறுநாள் காலை எங்கும் நிற்காமல் போனேன். இடது பக்கம் மலை என்னோடு வந்தது, முகடு மேகத்துக்குள். மடவார் வளாகத்துக் கோபுரம் வந்தது, அதற்கப்பால் ஆண்டாள் கோபுரம் எட்டிப் பார்த்தது. காரில் சத்தமே இல்லாததால் அவை தாமாக நகர்ந்து வருவதுபோல இருந்தன. கனவில் இப்படித்தான் ஊருக்குள் நுழைவோம்.

புகைக்கடைக்காரர் கம்பியை விட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதே காரா அக்கா?" சர்டிபிகேட்டை அச்சடித்துத் தந்தார்.

ஆய்வாளர் வேப்பமர நிழலில் நின்றார். விளக்கு, ஹாரன், பிரேக், கண்ணாடி. பிறகு குனிந்து அடியைப் பார்த்தார். நிமிரவில்லை.

"ஏம்மா, இது என்ன ஒட்டு?"

"கடைசி நாலு விரற்கடை மட்டும் புதுசு சார். மீதி கம்பெனியோடது."

"துரு பிடிச்சிருந்ததா?"

ஆமாம் என்றால் முடிந்துபோகும். வாய்வரை வந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் அங்கே தோப்பில் ஏதோ உதிர்ந்துவிடும் என்று தோன்றியது.

"இல்லை சார். குளவி கூடு கட்டியிருந்துச்சு. எங்க மதினிக்கு அஞ்சாம் மாசம்..."

பேனா நின்றது. "கலைச்சுட்டீங்களா?"

"இல்லை சார். கூட்டோட அறுத்து அங்கயே விட்டுட்டோம்."

அவர் திரும்பவும் குனிந்தார். "ஸ்டார்ட் பண்ணு. ரேஸ் குடு. இன்னும்." ஒட்டின் பக்கம் உள்ளங்கையைக் காட்டி, காற்று கசிகிறதா என்று பார்த்தார். எனக்குள் பழைய இரும்புக் கடையின் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கசியலை. சத்தமும் இல்லை. ஒட்டுப்போட்டது குத்தமில்லை." எழுதிக்கொண்டே கேட்டார்: "நீ என்ன படிச்சிருக்க?"

"மெக்கானிக்கல் இஞ்சினியரிங் சார்."

"ம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாய் வெயிலில் கிடந்தது. நான் காரை நிறுத்தி, கதவைச் சாத்திய பிறகுதான் இருவரும் தலையைத் தூக்கினார்கள். தாள்களை நீட்டினேன். வாங்கிப் படித்தார், மடித்துத் தந்தார், இரும்புக் கடைக்குப் போன் போட உள்ளே போனார்.

அகலக் குழாய் இப்போது மோட்டார் ரூமில் தொங்குகிறது, நாலு விரற்கடைக்குப் பக்கத்தில். சாயங்காலம் நான்தான் தட்டுகிறேன். பெரிய ஜெட் பால்கோவா டப்பாவுக்குள் போய்விட்டது.

அந்த வாரம் மதினியைச் செக்கப்புக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அடுத்த எஃப்.சி. எப்ப?" என்று கேட்டாள்.

"அஞ்சு வருசம் ஆகும்."

விரலை மடக்கி எண்ணி, வயிற்றில் கை வைத்தாள். "அப்ப இதுவும் பின்னால எந்திரிச்சு நின்னு ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டும். ஜெட்டு, குழாய்னு நீ அதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுத்துராத, சொல்லிட்டேன்."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தோப்புப் பக்கம் திரும்பி, ஏதோ யோசனையில் இருந்தாள். பிறகு பொறுமையிழந்து என் தோளைத் தட்டினாள்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணு ஏட்டி. எம்புட்டு நேரம் உக்காந்திருக்க?"

"பண்ணிச் செத்த நேரமாச்சு மதினி" என்றேன்.