அப்பா நீட்டிய ஸ்டாண்டு

அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஓட்டுவதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. நிறுத்துவதில்தான் எல்லாச் சிரமமும். ஓடும்போது அது விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. நிற்கும்போது விழாத மழைக்காலமும் கிடையாது.

தூரப் பயணத்துக்கென்றே செய்த பழைய கனத்த வண்டி. பின்பக்கம் இரண்டு பெட்டிகள் வேறு. கல்யாணத்துக்கு முன்பு அதில் கன்னியாகுமரி வரை போய் வந்த கதையைக் கேட்காதவர்களுக்கும் அப்பா சொல்வார். ஆனால் அது நிற்க வேண்டியிருந்ததோ குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், களிமண் வாசலில். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் போதும். சைடு ஸ்டாண்டு மெல்ல மண்ணுக்குள் இறங்கும், வண்டி இடப்பக்கம் சாயும், நாங்கள் சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது பார்த்துத் தொப்பென்று விழும். பக்கத்து வீட்டு சைக்கிள், பால்காரரின் கேன், அம்மா ஆசையாய் வைத்த முருங்கைக் கன்று என்று அது எதையும் விட்டுவைக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் வண்டியை மாற்றியிருப்பார். அப்பா ஸ்டாண்டை மாற்றினார். முதலில் அதன் அடியில் கொட்டாங்குச்சி வைத்தார், உடைந்தது. பிறகு ஒரு கடப்பாக்கல் துண்டைக் கயிற்றில் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். நிறுத்தும்போது கல்லைக் கீழே போட்டு அதன்மேல் ஸ்டாண்டை ஊன்ற வேண்டும். கிளம்பும்போது எடுக்க மறந்து, குடவாசல் கடைத்தெரு வரை அதைத் தரையில் இழுத்துக்கொண்டே போய் ஊரைக் கூட்டினார். சென்டர் ஸ்டாண்டின் கால்களுக்கு அகலத் தகடு வைத்துப் பார்த்தார். அது திருப்பத்துக்குத் திருப்பம் ரோட்டில் உரசியதால், கோபத்தில் சென்டர் ஸ்டாண்டையே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் வண்டியை விற்றுவிட்டு, தானும் ஓட்டுகிற மாதிரி ஒரு ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்று தீர்மானமாகச் சொன்னாள். அப்பாவும் வீறாப்பாக ஒப்புக்கொண்டார். நான் அம்மா கட்சி. ஸ்கூட்டர் வந்தால் பள்ளிக்கூடத்துக்குச் சேற்றில் நடக்க வேண்டாம்.

அதன் பிறகுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் மண் இரண்டு விரற்கடை விழுங்குகிறதா, சரி, ஸ்டாண்டையும் இரண்டு விரற்கடை நீட்டிவிட்டால் போயிற்று. வெல்டிங் கடையில் நீட்டி, அடியில் தோசைத்திருப்பி அகலத்துக்குத் தகடும் வைத்துக்கொண்டு வந்தார். ஈர வாசலில் வண்டி அழகாக நின்றது. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். உலகம் முழுக்கக் களிமண்தான் என்ற முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தை பிறந்ததும் மயிலாடுதுறையில் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா. மாமா, அம்மாவின் அண்ணன். வாசல் முழுக்க டைல்ஸ். அதன்மேல் மாலை போட்ட புதுக் கார். எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்பா வண்டியைக் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்.

மாமா வந்து வரவேற்றார். "மாப்ள, இத இன்னுமா எடைக்குப் போடாம வச்சிருக்கீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

டைல்ஸ் ஒரு நூல்கூட விழுங்கவில்லை. நீண்ட ஸ்டாண்டு வண்டியை நேர்க்குத்தாக நிறுத்தியிருந்தது. யாராவது உரசிக்கொண்டு போனால் வலப்பக்கம் ஆடியது. வலப்பக்கம் கார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சாட்சிக்கு அம்மாவைக் கூட்டி வர உள்ளே ஓடினேன்.

வந்து பார்த்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. காருக்கும் வண்டிக்கும் நடுவே புகுந்து, சீட்டைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். அப்பாவைக் கூப்பிடட்டுமா என்றேன். வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றாள். அப்பா முதல் பந்தியில், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். உள்ளே புழுக்கமாக இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று வெயிலில் நின்றுகொண்டே அம்மா பதில் சொன்னாள். பந்தி மாறியது. அம்மாவின் முதுகெல்லாம் வேர்வை. கையை எடுத்தால் முடிந்துபோகும் காரியத்துக்கு இப்படியா ஒருத்தி நிற்பாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெற்றிலையை மென்றபடி அப்பா மாமாவோடு வெளியே வந்து ஹேண்டில்பாரில் கை வைத்தார். அம்மா தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மச்சான், வந்ததுலேந்து நிக்குது. ஒரு அசைவு உண்டா?" என்றார் அப்பா.

இல்லை என்று மாமா ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தலைவலி என்று சொல்லி அம்மா உடனே எங்களைக் கிளப்பிவிட்டாள். அண்ணன் வீட்டு விசேஷத்தில் கை நனைக்காமல் வந்ததற்காக அப்பா வழியெல்லாம் அவளைக் குறை சொன்னார். பிறகு மனது கேட்காமல் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, பன் வாங்கப் போனார். கடைக்காரர் கிளாஸ் கழுவி ஊற்றிய ஈர மண்ணில் அந்தச் சனியன் பிடித்த வண்டி ஜம்மென்று நின்றது.

விட்டிருந்தால் விழுந்திருக்கும், ஸ்கூட்டர் வந்திருக்கும், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாயே என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா சிவந்துபோன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விழட்டும்டி. நம்ம வாசல்ல விழட்டும்."

நம் வாசல் சேறு, மாமா வாசல் டைல்ஸ். சேற்றில் விழுந்தால் வண்டிக்கு அடி குறைவாகப் படும் என்றுதான் சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். விற்கப்போகிற வண்டிக்கு அடிபட்டால் இவளுக்கு என்ன வந்தது என்று, அப்பா பன்னோடு திரும்பி வரும்வரை எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.