காப்பு அறுத்த காலை

மஞ்சள் தோய்த்த நூல்தான். சவர பிளேடால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஆனாலும் ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று அதை அறுக்குமுன் பிளேடை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டேன். மூன்று நாளைக்கு முன் அம்மன் கோயில் பூசாரியார் என் மணிக்கட்டில் கட்டிய காப்பு அது. மறுநாள் மாலை நான் தீ மிதிக்க இருந்தேன். போன வருஷம் டெங்குக் காய்ச்சலில் என் மகள் கண் திறக்காமல் கிடந்தபோது அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன். காப்புக் கட்டியவன் செத்தவீட்டு வாசலை மிதித்தால் துடக்கு, தீட்டு. அந்த வருஷம் கோயில் வீதிக்குள் கால் வைக்க முடியாது. கொண்டக்டர் அண்ணனோ நான் காப்பு அறுத்ததற்கு முதல் நாள் பின்நேரம் இறந்துபோனார்.

மட்டக்களப்பு–கல்முனை பஸ்ஸை நான் ஓட்ட, பதினாறு வருஷம் அவர் பின்கதவில் நின்றார். கத்தோலிக்கர். கழுத்தில் சின்னச் சிலுவை, காதில் பென்சில். செட்டிபாளையத்தில் மீன் பெட்டியோடு நிற்கும் பெண்களைப் பல பஸ்கள் நாற்றம் என்று விட்டுவிட்டுப் போகும். இவர் இறங்கிப் பெட்டியைத் தானே தூக்கி ஏற்றுவார். யாராவது மூக்கைப் பொத்தினால், "பகலைக்கு இந்த மீனத்தானே தின்னப்போறீங்க?" என்பார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிடும்போது, நடக்க ஏலாத கிழவிகளுக்குத் தோள் கொடுத்துக் கடைசியாக வருவதும் அவர்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். நேரம் போகிறதே என்று ஹோர்ன் அடிப்பேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும், பென்ஷன் எடுத்து வீட்டில் இருந்த அந்த மனிதர் காலையில் வந்து வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொள்வார். என்னைப் பிடித்துச் சாப்பிட அனுப்பிவிட்டு, நான் திரும்பி வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். அப்படிப்பட்டவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மனைவி அழுதாள். "நேர்த்திய முறிச்சி, புள்ளைக்கு மறுகா ஏதும் வந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பூசாரியாரிடம் போனேன். அவர், "அறுத்தா இந்த வரியம் நீ உள்ளுக்கு வரேலா. அம்மாளுக்கு நீயே சொல்லிப்போட்டு அறு" என்றார். சொல்லிவிட்டுத்தான் அறுத்தேன்.

அண்ணனின் பெட்டியை வீட்டிலிருந்து தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை நான் எந்தத் தேவாலயத்துக்குள்ளும் போனதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினேன். அங்கே என்னுடைய சோடி மட்டும் தனியாகக் கிடந்தது. உள்ளே எல்லோரும் எழும்பும்போது நான் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் முழங்காலிடும்போது நான் எழும்பினேன். அவர்களும் அதைப் பூசை என்றுதான் சொல்கிறார்கள். சாம்பிராணி வாசம் வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு எல்லோரும் வரிசையில் போக, பிரசாதம் போலும் என்று நானும் போய்க் கையை நீட்டத் தயாரானேன். பின்னால் நின்ற பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, இது நற்கருணை. ஞானஸ்நானம் எடுத்த ஆக்களுக்குத்தான். நீங்க இருங்க, பறவாயில்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் திரும்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழும்ப வேண்டிய நேரத்திலெல்லாம் என் முழங்கையை மெல்லத் தட்டினார்.

அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போனபோது பெண்களும் கூடவே வந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே அண்ணனின் மனைவி பெட்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து, குழி விளிம்பில் நின்று, முதல் பிடி மண்ணைப் போட்டார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை அவர் கண்ணில் ஒரு துளி இல்லை. என் முறை வந்து நான் மண் எடுத்தபோது, மஞ்சள் கறை மட்டும் இருந்த என் மணிக்கட்டை அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, நாளைக்கெல்லுவா தீமிதிப்பு?"

"ஓம் அக்கா."

"அறுத்திற்றா வந்தீங்க? அவருக்காகவா?"

அப்போதுதான் அவர் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணும் கையுமாக நின்று அழுதார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை நான் கோயிலுக்குப் போனேன். உள்ளே அல்ல, வீதிக்கு வெளியே, தார் ரோட்டின் மறுகரைக்கு. பறை அடிக்கத் தொடங்கியதும் மகளின் முகம்தான் மனதில் வந்தது. தீக்குழியை இங்கிருந்து பார்க்க முடியாது, புகை மட்டும் தெரிந்தது. பெரிய தப்புச் செய்துவிட்டேனோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கறுப்புச் சேலையோடு அக்கா இறங்கினார். புருஷனை அடக்கம் செய்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா, நீங்க ஏன் இஞ்ச?"

"எனக்கும் துடக்குத்தானே தம்பி. வெளிய நிக்கலாம்தானே?" என்றார். "அவர் இருந்திருந்தா வந்து நிண்டிருப்பார். இப்ப நான் நிக்கிறன். புள்ளைட பேர் சொல்லுங்க."

சொன்னேன். கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்து, என் மகளின் பெயரைச் சொல்லி, முதல் மணியைப் பிடித்தார். உள்ளே முதல் ஆள் தீயில் இறங்கினான் போல, கூட்டம் 'அரோகரா' என்று அதிர்ந்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி ஆள் மிதித்து முடித்து, புகை அடங்கும்வரை அவர் விரல்கள் மணி மணியாக நகர்ந்துகொண்டேயிருந்தன.