பனைமர உயரம்

நானும் என் கணவரும் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக் கொட்டகையில் ஒரு சின்ன விமானம் கட்டினோம். ஒருவர்தான் உட்காரலாம். அலுமினியக் குழாய்களை அவர் இணைத்தார். இறக்கைத் துணி முழுவதையும் தைத்து இழுத்துக் கட்டியது நான். கோடையில் வற்றிய ஏரியின் தரைதான் ஓடுபாதை.

அவர் முதலில் பழகிவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சக்கரம் மண்ணை விட்ட முதல் நாள் பயத்தில் உடனே இறக்கிவிட்டேன். போகப்போக, பக்கக் காற்று தள்ளினால் எந்தக் கால் பெடலை அழுத்துவது என்று யோசிக்காமலே செய்தேன். துள்ளாமல் இறங்கினேன். இறங்கும்போதெல்லாம் கைதட்டுவார். ஆனால் பனைமர உயரத்துக்கு மேல் விமானம் ஏறவே இல்லை.

“எஞ்சினுக்குப் பவர் கம்மிம்மா. அதுக்கு மேல இழுக்காது,” என்றார். நம்பினேன். அந்த உயரத்தில் பிசகாமல் நேராகப் போவதே எனக்குப் பெரிய கர்வமாக இருந்தது.

ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டு வழக்கத்தைவிட முன்னதாகவே பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னல் வழியே பார்த்தால், எங்கள் ஊர்க் கோட்டை மலைக்கும் மேலே நான் தைத்த மஞ்சள் இறக்கை வட்டமடித்துக்கொண்டிருந்தது.

ஏரிக்கு ஓடினேன். இறங்கியவருக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“பவர் கம்மின்னீங்களே, இது இன்னாங்க?”

கரையில் நின்ற கொழுந்தன் சிரித்தான். “அண்ணி, நீங்க ஓட்டும்போது மட்டும் ஆக்சிலேட்டர் கம்பியில ஒரு கிளிப் போட்டுடுவாரு. பாதிக்கு மேல தள்ள முடியாது. ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?”

“நீ உழுந்துடுவியோன்னு பயந்துக்கினே இருந்தேன்,” என்றார் அவர்.

“சொல்லிட்டுப் போட்டிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீ ஒத்துக்க மாட்ட.”

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்தான். அவர் பயம்கூட எனக்குப் புரிந்தது. தெரிந்தே கைதட்டினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை கிளிப் போடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறினேன். ஆக்சிலேட்டரை முழுவதும் தள்ளியதும் விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. எனக்குப் பழகிய விமானமே இல்லை அது. பழைய பயம் திரும்பியது. மூக்கைத் தாழ்த்தி, பதற்றம் அடங்கும்வரை நேராகப் போனேன். பிறகுதான் திருப்பினேன். மேற்கே கல்வராயன் மலை நெடுக நீலமாகக் கிடந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. இறங்கும்போது பலமாகத் துள்ளியது.

“சூப்பரா ஓட்டின,” என்று ஓடிவந்தார். மோசமாக இறக்கினேன் என்பது எனக்குத் தெரியும். பெல்ட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

இப்போதும் பறக்கிறேன், நன்றாகவே. நான் பறக்கும்போது ஏரிப்பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டேன்.