பூட்டிய வீட்டுக்குள் ஒரு இருமல்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை; கட்டிய பெண்டாட்டியே நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

முதலில் என் மடத்தனம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், அகரத்தில் பிறந்தவன் நான். சொந்த வீட்டுப் பூட்டில் சாவியை ஒடித்துவிட்டு நின்றேன். ஒன்பது வருஷமாகப் பர்ஸில் வைத்திருந்த சாவி, துரு ஏறியிருந்தது. அவசரப்பட்டுத் திருகினேன். பாதி கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் தங்கிவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஜீனத்தைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று அப்பா என்னைத் தலைமுழுகினார். வாய்ப்பேச்சோடு விடவில்லை மனிதர். சுடுகாட்டுக்குப் போய்க் குடம் உடைத்தார். பதினாறாம் நாள் கருமாதி. படையல் போட்டு, ஊருக்கே சோறு போட்டார். சாப்பாடு பிரமாதமாக இருந்ததாம். சாப்பிட்டவர்களே எனக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

ஓசூருக்குப் போன புதிதில் நான் பாதி ஆள்தான். பஸ் ஸ்டாண்டில் யாராவது யாரையாவது, அம்மா என்னைக் கூப்பிடுவதுபோல 'அப்பு' என்று கூப்பிட்டால்கூட ஓரமாக நின்று அழுதுவிட்டு வருவேன். பிறகு காய்த்துப்போனேன். இப்போது இரண்டு பிள்ளைகள், ஒரு கடை. போர்டில் 'திண்டுக்கல் பிரியாணி'. துரத்திவிட்ட ஊரின் பேரை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். வெட்கம் பார்த்தால் வாடகை கொடுக்க முடியாது.

போன தையில் அப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அம்மா தனியாக இருப்பாளே, கையோடு அழைத்து வந்துவிடலாம் என்றுதான் ஊருக்குப் போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத உச்சி வெயிலாகப் பார்த்துப் போனேன். அப்போது எனக்கு மனிதர்களிடம்தான் பயம்.

சாவி ஒடிந்த சத்தத்துக்கு எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு அத்தை எட்டிப் பார்த்தார். அம்மா பூப்பறிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. என் தாடியையே பார்த்தார்.

"காலையில பாக்கையில இம்புட்டுத் தாடி இல்லையே…"

தனக்குள் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். அத்தைக்குக் கண்ணில் புரை என்று நினைத்துச் சிரித்தேன்.

பிறகுதான் கொடியைப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் போகும்போது விட்டுப்போன சட்டை. சாயம்கூடப் போகவில்லை. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்… சொட்…

வீட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

வெளியே பூட்டு. எங்கள் வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

மறுபடியும் இருமல். இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு செருமல்…

என் இருமல் அது.

"யாரு?"

என் குரல். கடையில் கத்திக் கத்தித் தடித்துப்போன குரல் இல்லை… வீட்டை விட்டுப் போனபோது இருந்த இருபத்துநாலு வயசுக் குரல்.

கதவின் அடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல். நான் நகர்ந்தேன்.

அதுவும் நகர்ந்தது.

ஓடியிருப்பேன். அதற்குள் தெருவில் செருப்புச் சத்தம்.

அம்மா பூக்கூடையோடு வந்தாள். என்னைப் பார்த்துப் பதறவில்லை. நேரே போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"செத்த பொறு அப்பு, வந்துட்டேன்."

என்னிடம் சொல்லவில்லை.

உள்ளே யார் என்று கேட்டேன். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிள்ளைகளின் பேர் கேட்டாள். ஓசூருக்கு வா என்றேன். சாப்பிட்டாயா என்றாள்.

"யாருன்னு சொல்லும்மா…"

கூடையை இறக்கி வைத்தாள். முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"ஒனக்குக் கருமாதி கும்பிட்டோமுல்ல, அன்னைக்குப் பொழுதுசாய வந்தான். படையல் சோத்தத் தின்னுட்டு அழுதுகிட்டே படுத்துட்டான். ஒங்கப்பாவுக்குக் கொள்ளி வச்சதும் அவந்தான். வெளிய விட்டா ஒன்னயத் தேடி வந்துருவான்னுதான் பூட்டிட்டுப் போறேன். ஒனக்கு நாங்க இல்லாமப் பொழைக்கத் தெரிஞ்சுபோச்சு. அவனுக்குத் தெரியலப்பா. நீ போயிரு."